தோற்றுப்போன விளம்பரத்துக்குக் கலைக்களஞ்சியத்தில் இடமா?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய பேச்சின் தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கலாம். விலைவாசி, கூலி, வேலையில்லாத் திண்டாட்டம் என்று பேச எத்தனையோ விஷயங்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ஒரு பர்கர் கம்பெனி விளம்பரம் செய்து தோற்றுப்போன கதை நமக்கு எதற்கு? அதைப் பற்றிக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சின்னக் கேள்வியின் நூலைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பெரிய கேள்வியில் போய் நிற்போம். எது சரித்திரம், எது குப்பை என்று தீர்மானிப்பது யார்? பணம் படைத்தவனா, பாடுபடுகிறவனா? நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்தால் யாருடைய கதை அதில் இருக்கும்? இது நம் கேள்விதான். ஆகவே பொறுமையாகக் கேளுங்கள்.

குண்டூசிக்குக் கிடைத்த இடம்

கலைக்களஞ்சியம் என்பது படித்தவர்கள் அலமாரியில் அடுக்கி வைக்கும் தடித்த புத்தகம் என்று நினைத்துவிடக் கூடாது. நவீன உலகத்தின் பெரும் கலைக்களஞ்சியம் ஒரு போராட்டத்தில் பிறந்தது. பிரான்சில் 1751லிருந்து 1772வரை தீதரோ என்ற அறிஞர் அதைத் தொகுத்து வெளியிட்டார். அவருடைய தகப்பனார் கத்தி செய்யும் தொழிலாளி. எழுத்து 17 தொகுதிகள், படங்கள் 11 தொகுதிகள். 1759ல் மன்னரின் சர்க்கார் அதற்குக் கொடுத்திருந்த அனுமதியை ரத்துச் செய்தது. போப்பாண்டவர் அதைக் கண்டனம் செய்தார். எழுத்தையும் படத்தையும் கண்டு மன்னனும் மதகுருவும் நடுங்கியது ஏன்?

மற்ற காரணங்களோடு இதுவும் ஒன்று. அதுவரை ராஜாக்களும் மகான்களும் மட்டும் உட்கார்ந்திருந்த சபையில், தீதரோ தச்சனையும் கொல்லனையும் நெசவாளியையும் கொண்டுவந்து உட்கார வைத்தார். பட்டறைகளின் படங்களை அச்சடித்தார். அந்த நூலில் குண்டூசிக்குக்கூட ஒரு கட்டுரை உண்டு. ஒரு குண்டூசி உருவாவதற்கு 18 வேலைகள் நடக்கின்றன என்று அது விவரிக்கிறது.

குண்டூசி அற்பப் பொருள். ஆனால் அதற்குள் மனித உழைப்பு இருக்கிறது. அந்த உழைப்பு எப்படிப் பங்கு போடப்படுகிறது என்ற பாடம் இருக்கிறது. ஆகவே பொருள் பெரிதா சிறிதா என்று பார்த்து இடம் கொடுப்பது தவறு. அதற்குள் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க வேண்டும். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் பர்கர் கதைக்குப் போவோம்.

ஹெர்ப் எங்கே?

அமெரிக்காவில் பர்கர் கிங் என்று ஒரு பெரிய சங்கிலிக் கடை. இரண்டு ரொட்டிக்கு நடுவே மாட்டிறைச்சியை வைத்து விற்பது தொழில். அவர்களுடைய பிரதானப் பண்டத்தின் பெயர் வொப்பர். 1985ல் அந்தக் கடைகளுக்குச் சொந்தக்காரன் பில்ஸ்பரி என்ற மாவுக் கம்பெனி. எதிரே நிற்பது அதைவிடப் பெரிய சுறாவான மெக்டொனால்ட்ஸ். பக்கத்திலே வெண்டிஸ் என்ற இன்னொரு போட்டிக் கம்பெனி.

வெண்டிஸ் 1984ல் ஒரு விளம்பரம் செய்து பெரும் வெற்றி கண்டது. ஒரு பாட்டி, போட்டிக் கடைக்காரனின் பெரிய ரொட்டியைத் திறந்து பார்த்து, "இறைச்சி எங்கே?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் விளம்பரம். அந்த வாசகம் ஊரெல்லாம் பரவியது. எவ்வளவு தூரம் பரவியது தெரியுமா? அதே ஆண்டு ஜனாதிபதி வேட்பாளராவதற்குப் போட்டியிட்ட மாண்டேல், தன் போட்டியாளர் ஹார்ட்டின் புதிய யோசனைகளில் சாரம் இல்லை என்று சொல்வதற்கு, விவாத மேடையில் அதே கேள்வியைக் கேட்டார். ஒரு தேசத்தின் அரசியல் விவாதத்துக்கு பர்கர் கம்பெனி வாசகம் எழுதிக் கொடுத்தது!

இதைப் பார்த்துப் பர்கர் கிங்குக்கும் ஆசை வந்தது. ஜே. வால்டர் தாம்ப்சன் என்ற பெரிய விளம்பர நிறுவனம் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தது. 1985 நவம்பரில் பத்திரிகைகளில் புதிர்போல அறிவிப்புகள் வந்தன. ஹெர்ப் என்று ஒருவன். அவனை யாரோ அழைக்கிறார்கள். பிறகு டெலிவிஷனில் விஷயம் வெளிவந்தது. நாடு முழுவதிலும் வொப்பரை ஒருநாளும் தின்று பார்க்காத ஒரே மனிதன் இந்த ஹெர்ப்! அவனைத் தேட வேண்டும். கடைக்குப் போய், "நான் ஹெர்ப் அல்ல" என்று சொன்னால் 99 சென்டுக்கு வொப்பர் கிடைக்கும். இரண்டு மாதம் அவன் முகத்தைக் காட்டவில்லை.

1986 ஜனவரி 26ந் தேதி, அமெரிக்கா முழுவதும் டெலிவிஷன் முன்னால் உட்காரும் சூப்பர் பௌல் பந்தாட்டத்தின்போது திரையை விலக்கினார்கள். வந்தவன் யார்? மூக்குக் கண்ணாடி, கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டை, வெள்ளைக் காலுறை போட்ட ஓர் அசட்டு மனிதன். பிறகு அந்த நடிகர் 50 மாநிலங்களிலும் கடை கடையாகப் போவார் என்றும், அவரை முதலில் அடையாளம் கண்டு சொல்பவருக்கு 5,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஆரம்பத்தில் கொஞ்சம் வேடிக்கை பார்த்தார்கள். முகம் தெரிந்தவுடன் ஆவல் தீர்ந்துபோயிற்று. வொப்பரில் என்ன விசேஷம் என்பதை விளம்பரம் சொல்லவே இல்லை. வொப்பரைத் தின்னாதவன் அசடு என்பதைத்தான் சொல்லிற்று.

போதாததற்கு அலபாமா மாநிலத்தில் ஒரு தகராறு. 15 வயதுப் பையன் ஒருவன் ஹெர்ப்பைக் கண்டுபிடித்துச் சொன்னான். 16 வயது நிரம்பாதவருக்குப் பரிசு கிடையாது என்று கம்பெனி கை விரித்தது. பணம் அவனுடைய நண்பனுக்குப் போயிற்று. விவகாரம் மாநிலச் செனட் சபைவரை சென்றது. இது வாடிக்கைக்காரரை ஏமாற்றும் காரியமாகத் தெரிகிறது என்ற கருத்தில் சபை தீர்மானம் போட்டது.

முடிவு? அந்த ஆண்டில் கம்பெனியின் லாபம் 40 சதவீதம் சரிந்தது. 1987ல் தாம்ப்சன் நிறுவனத்தை விலக்கிவிட்டு, 20 கோடி டாலர் பெறுமான தன் விளம்பர வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்தது பர்கர் கிங். விளம்பரத் தொழிலின் சொந்தப் பத்திரிகையே இதைப் பெருந்தோல்விகளின் வரிசையில் வைத்து எழுதியது.

இதுதான் கதை. இந்தக் கதைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை இருக்கிறது. விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கிய கலைக்களஞ்சியம். அதில் யாரும் எழுதலாம். ஒரு கட்டுரை தகுதியற்றது என்று ஒருவர் கருதினால், நீக்குவதா வைத்திருப்பதா என்று பகிரங்கமாக விவாதம் நடக்கும். ஹெர்ப் போன்ற விஷயம் அந்த விவாதத்துக்கு வந்தால் நாம் எந்தப் பக்கம் கை தூக்குவது?

கை தூக்குவதற்கு முன்னால் கணக்குப் பார்ப்போம்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஹெர்ப்பைத் தேடுவதற்குக் கம்பெனி செலவிட்ட தொகை 4 கோடி டாலர்.

அப்போது அமெரிக்காவில் மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 3 டாலர் 35 சென்ட். 1981 ஜனவரியில் வைத்த கூலி அது. 1990 ஏப்ரல்வரை அசையவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக விலைவாசி ஏறிக்கொண்டே இருந்தது. கூலி நின்ற இடத்தில் நின்றது.

இப்போது வகுத்துப் பாருங்கள். அந்தக் கூலியில் 4 கோடி டாலர் என்பது ஏறத்தாழ 1 கோடியே 19 லட்சம் மணி நேர உழைப்பு. நாளைக்கு 8 மணி, ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால், சுமார் 5,000 தொழிலாளிகளின் ஓராண்டு முழுக் கூலி. இல்லாத ஒரு மனிதனைத் தேடுவதற்கு இவ்வளவு பணம்! ஹெர்ப்பைப் பார்த்தேன் என்று சொன்னவருக்கு 5,000 டாலர். அதே கடையில் குறைந்தபட்சக் கூலிக்கு அடுப்பு முன்னால் நிற்கும் தொழிலாளி அந்தப் பணத்தைப் பார்க்க 186 நாளுக்கு மேல் வேலை செய்ய வேண்டும்.

"ஹெர்ப் எங்கே?" என்று நாடு முழுவதும் கேட்டார்கள். ரொட்டி சுட்டவன் எங்கே என்று அந்த விளம்பரம் கேட்கவில்லை.

தோழர்களே, தீதரோவின் குண்டூசிக்குள் 18 வேலைகள் இருந்தது போல, இந்த அசட்டு விளம்பரத்துக்குள்ளும் ஒரு முழுப் பொருளாதாரம் அடங்கியிருக்கிறது. அதனால்தான் நான் சொல்கிறேன்: இதற்குக் கட்டுரை வேண்டும். இதை மறுப்பவர்கள் மூன்று ஆட்சேபணைகள் சொல்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் ஆட்சேபணை: தோற்றதற்கு என்ன சரித்திரம்?

வென்றதை எழுதலாம், தோற்றதை எழுதுவானேன் என்கிறார்கள். இது வியாபாரியின் தர்மம். அறிவின் தர்மம் வேறு. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. அது பழுதாகி மூடியைத் திறக்கும்போதுதான் பல்சக்கரம் தெரியும். விளம்பரமும் அப்படித்தான். வென்ற விளம்பரம் ஜனங்களின் ருசியோடு கலந்து மறைந்துவிடுகிறது. "எனக்கே பிடித்துத்தான் வாங்கினேன்" என்று வாங்கியவன் நினைக்கிறான். தோற்ற விளம்பரத்தில்தான் கயிறும் கப்பியும் வெளியே தொங்குகின்றன.

இன்னோர் உதாரணம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கின்போது மெக்டொனால்ட்ஸ் ஒரு பரிசுத் திட்டம் வைத்தது. வாடிக்கைக்காரருக்கு ஒரு சீட்டு. சுரண்டிப் பார்த்தால் அதில் ஒரு விளையாட்டின் பெயர் இருக்கும். அந்த விளையாட்டில் அமெரிக்கா தங்கம் வாங்கினால் ஒரு பர்கர் இலவசம். வெள்ளிக்கு உருளைக்கிழங்கு வறுவல், வெண்கலத்துக்குக் குளிர்பானம்.

இதற்கு முன் அமெரிக்கா கலந்துகொண்ட கோடைக்கால ஒலிம்பிக் 1976ல் நடந்தது. அதில் அமெரிக்காவுக்கு 34 தங்கம். மொத்தம் 94 பதக்கம். சோவியத் யூனியனுக்கு 49 தங்கம், கிழக்கு ஜெர்மனிக்கு 40 தங்கம். இவர்கள் களத்தில் இருக்கும்வரை அமெரிக்காவுக்குப் போகும் தங்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆனால் 1984 மே 8ந் தேதி சோவியத் யூனியன் போட்டியில் கலந்துகொள்ளாது என்று அறிவித்தது. கிழக்கு ஜெர்மனியும் விலகியது. அமெரிக்கா 83 தங்கத்தோடு 174 பதக்கங்களை வாரிக்கொண்டது. சீட்டு வைத்திருந்தவர்கள் கடையை மொய்த்தார்கள். சில கடைகளில் பர்கர் தீர்ந்துபோனதாகச் செய்தி வந்தது.

இதில் சிரிப்பு இருக்கிறது, பாடமும் இருக்கிறது. இலவசம் என்று முதலாளி அறிவிக்கும்போது, அது எத்தனை பேருக்குக் கிடைக்காது என்ற கணக்கும் கூடவே போடப்படுகிறது. அந்தக் கணக்குச் சரியாக இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. தப்பும்போதுதான் வெளியே வருகிறது. ஆகவே தோல்வி என்பதற்காகத் தள்ளாதீர்கள்; தோல்வி என்பதற்காகவே எழுதுங்கள்.

இரண்டாவது ஆட்சேபணை: அது இலவச விளம்பரம் ஆகிவிடாதா?

இது கனமான ஆட்சேபணை. கம்பெனியைப் பற்றிக் கட்டுரை எழுதினால் கம்பெனிக்குத்தானே பிரசாரம்? இந்த ஆபத்து உண்மையானது என்பதற்குப் பர்கர் கிங்கே சாட்சி.

2017 ஏப்ரல் 12ந் தேதி அந்தக் கம்பெனி 15 விநாடி விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. வீடுகளில் கூகுள் கம்பெனியின் பேசும் கருவிகள் இருக்கின்றன. கேள்வி கேட்டால் பதில் படித்துச் சொல்லும். விளம்பரத்தில் வந்த கடை ஊழியர் அந்தக் கருவியைக் கூப்பிட்டு, வொப்பர் பர்கர் என்றால் என்ன என்று கேட்டார். டெலிவிஷனிலிருந்து வந்த குரலைக் கேட்டு வீட்டிலுள்ள கருவி விழித்துக்கொண்டு, விக்கிப்பீடியாவில் வொப்பரைப் பற்றி இருந்த முதல் வரிகளைப் படிக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரனைக் கேட்கவில்லை. அவன் வீட்டுக் கருவி, அவன் கொடுக்கும் மின்சாரம், ஆனால் பேசுவது கம்பெனியின் விளம்பரம்!

இதில் இன்னொரு சூழ்ச்சியும் இருந்தது. விளம்பரம் வெளிவருவதற்குச் சில நாள் முன்னால், விக்கிப்பீடியாவின் அந்த முதல் வரிகள் விளம்பர நடைக்கு மாற்றப்பட்டிருந்தன. கம்பெனியின் விளம்பர அதிகாரியின் பெயரை ஒத்த ஒரு கணக்கிலிருந்து அந்த மாற்றம் வந்ததைப் பத்திரிகைகள் அம்பலப்படுத்தின. ஊரார் சேர்ந்து வெட்டிய பொதுக் கிணற்றில் ஒருவன் தன் கடைச் சர்க்கரையைக் கொட்டிவிட்டு, தண்ணீர் இனிக்கிறது பார் என்று விற்பதைப் போன்ற காரியம் இது.

ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. குறும்புக்காரர்கள் வொப்பரில் விஷம் இருப்பதாக எழுதி வைத்தார்கள். அதையும் கருவி படித்தது. சில மணி நேரத்தில் கூகுள் கம்பெனி அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாதபடி கருவியைத் தடுத்தது. விக்கிப்பீடியாவின் தொண்டர்கள் கட்டுரையைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து பூட்டுப் போட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு கான் நகரத்தில் நடந்த விளம்பரக்காரர்களின் விழாவில் இந்தத் தந்திரத்துக்குப் பெரும் பரிசு கொடுத்தார்கள்! ஜனங்கள் எதைத் தொல்லை என்று விரட்டினார்களோ, அதை விளம்பர உலகம் சாதனை என்று தலையில் வைத்துக் கொண்டாடியது.

ஆகவே ஆபத்து உண்டு. இதற்குப் பரிகாரம் என்ன? கட்டுரையே வேண்டாம் என்று ஒதுங்குவதா? நாம் ஒதுங்கினால் அந்த இடத்தைக் கம்பெனியின் அதிகாரி வந்து நிரப்புவான். பரிகாரம் விக்கிப்பீடியாவின் விதியிலேயே இருக்கிறது. ஒரு விஷயத்துக்குக் கட்டுரை வேண்டுமானால், அந்த விஷயத்தோடு சம்பந்தப்படாதவர்கள், நம்பத்தக்க வெளியீடுகளில், அதைப் பற்றிப் போதிய அளவு எழுதியிருக்க வேண்டும். கம்பெனியின் சொந்த அறிக்கை சாட்சியாகாது. எவ்வளவு செலவு செய்தான் என்பதும் தகுதியாகாது. வெளியார் சாட்சி வேண்டும்.

ஹெர்ப்புக்கு வெளியார் சாட்சி இருக்கிறது. பத்திரிகைகள் எழுதின, ஒரு மாநிலச் சபை தீர்மானம் போட்டது, நஷ்டக் கணக்கு வெளிவந்தது. ஆகவே கட்டுரை நிற்கும். அப்படி எழுதப்படும் கட்டுரை கம்பெனிக்கு இனிக்காது.

மூன்றாவது ஆட்சேபணை: தொழிலாளிக்கு இல்லாத இடம் விளம்பரத்துக்கா?

தோழர்களே, இந்த ஆட்சேபணை நம் பக்கத்திலிருந்து வருகிறது. ரத்தம் சிந்திய எத்தனையோ வேலைநிறுத்தங்களுக்கு ஒரு வரி இல்லை. பர்கர் கோமாளிக்கு ஒரு கட்டுரையா என்று கொதிக்கிறார்கள். கொதிப்பு நியாயம். ஆனால் முடிவு தவறு.

1986ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஹெர்ப் கடை கடையாக ஊர்வலம் போன அதே ஆண்டு, ஆகஸ்டில், எட்சியோனி என்ற சமூகவியல் அறிஞர் வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துரித உணவுக் கடை வேலைகள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கெடுதல் என்பது அவர் வாதம். அந்த வேலைக்கு 'மெக்ஜாப்' என்று பெயர் சொன்னார். குறைந்த கூலி, கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை, முன்னேற வழியில்லை. அதுதான் மெக்ஜாப்.

ஹெர்ப்புக்குப் பின்னால் 4 கோடி டாலர் இருந்தது. மெக்ஜாப் என்ற சொல்லுக்குப் பின்னால் விளம்பரப் பணம் ஒன்றும் இல்லை. எது நிலைத்தது? 2003ல் மெரியம் வெப்ஸ்டர் அகராதியின் 11வது பதிப்பில் அந்தச் சொல் இடம்பெற்றது. மெக்டொனால்ட்ஸ் தலைவர் கண்டனக் கடிதம் எழுதினார். உணவுத் தொழிலில் உள்ள 1 கோடியே 20 லட்சம் பேருக்கு இது அவமானம் என்றார். தொழிலாளியின் மானம் அவருக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது! அகராதிக்காரர்கள் அசையவில்லை. 2007ல் பிரிட்டனில் ஆக்ஸ்போர்டு அகராதியின் விளக்கத்தை மாற்றச் சொல்லி அதே கம்பெனி கையெழுத்து இயக்கம் நடத்தியது.

கவனியுங்கள். முதலாளிக்கு அகராதியின் ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று தெரிந்திருக்கிறது. நமக்குத் தெரிய வேண்டாமா?

2012 நவம்பர் 29ந் தேதி நியூயார்க் நகரத்தில் சுமார் 200 துரித உணவுத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து தெருவில் இறங்கினார்கள். மணிக்கு 15 டாலர் கூலி, சங்கம் அமைக்கும் உரிமை. இரண்டே கோரிக்கை. பர்கர் கிங் தொழிலாளிகளும் அதில் இருந்தார்கள். இருநூறு பேர்தானே என்று அன்று அலட்சியம் செய்தவர்கள் உண்டு. இயக்கம் நாடு முழுவதும் பரவியது. கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஏப்ரல் 1ந் தேதி முதல் பெரிய சங்கிலிக் கடைத் தொழிலாளிக்கு மணிக்கு 20 டாலர் என்று சட்டமே வந்தது. அந்த இயக்கத்துக்கும் இன்று கலைக்களஞ்சியத்தில் கட்டுரை இருக்கிறது. அது சும்மா வரவில்லை. தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள், வந்ததைப் பத்திரிகைகள் எழுதின, எழுதியது சாட்சியாயிற்று.

இங்கேதான் விஷயத்தின் கரு இருக்கிறது. வெளியார் சாட்சி வேண்டும் என்ற விதி நல்ல விதி. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே மாதிரி பலிக்காது. கம்பெனி தும்மினால் நூறு பத்திரிகைகள் எழுதும். விளம்பரம் கொடுப்பவன் அவன். மூலையில் ஒரு பட்டறையில் 30 பேர் 40 நாள் வேலைநிறுத்தம் செய்தால் எழுத ஆள் கிடையாது. பிறகு கலைக்களஞ்சியக்காரர் கேட்பார், சாட்சி எங்கே என்று. அவர் மேல் குற்றமில்லை. சாட்சியை உண்டாக்கும் அச்சு இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் குற்றத்தின் வேர்.

ஆகவே ஹெர்ப்பின் கட்டுரையைக் கிழித்துப் போட்டால் தொழிலாளிக்கு இடம் கிடைத்துவிடாது. கிழித்த இடம் காலியாகவே இருக்கும். ஹெர்ப் இருக்கட்டும். பக்கத்தில் அந்த ரொட்டி சுட்டவனின் கதையை எழுதுவோம்.

கத்தரிக்கோல் யார் கையில் இருந்தாலும் தவறு

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிடிக்காததை நீக்கிவிடும் புத்தி முதலாளிக்கு மட்டும் சொந்தமானதல்ல. சோவியத் பெருங்கலைக்களஞ்சியத்தின் இரண்டாவது பதிப்பில், 1950ல் வந்த ஐந்தாம் தொகுதியில், பெரியாவைப் பற்றிப் புகழ்ந்து நீண்ட கட்டுரை இருந்தது. 1953ல் அவர் கைதாகி மரண தண்டனைக்கு ஆளானார். அதன்பின் சந்தாதாரர்களுக்குப் புதுப் பக்கங்கள் வந்தன. பழைய பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு இவற்றை ஒட்டிக்கொள்ளும்படி குறிப்பும் வந்தது. புதுப் பக்கங்களில் பேரிங் கடலைப் பற்றி விரிவான விவரம்!

அதனால் என்ன ஆயிற்று? பெரியா மறைந்தாரா? இல்லை. வெட்டிய கதைதான் உலகம் முழுவதும் நிலைத்தது. செய்ய வேண்டியது என்ன? அந்த மனிதர் என்ன செய்தார், அதை ஏன் அன்று புகழ்ந்தார்கள் என்று இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். தோல்வியையும் தவற்றையும் பதிவு செய்யத் துணியாத நூல், வெற்றியைப் பற்றிச் சொல்வதையும் ஜனங்கள் நம்பமாட்டார்கள். இந்தப் பாடத்தைக் கற்ற நாம், விளம்பரக்காரனின் தோல்வியையும் நீக்கச் சொல்லக் கூடாது.

கட்டுரையில் என்ன இருக்க வேண்டும்?

கட்டுரை வேண்டும் என்று சொன்னால் போதாது. எப்படிப்பட்ட கட்டுரை என்றும் சொல்ல வேண்டும்.

ஒன்று, எவ்வளவு செலவாயிற்று, அந்தப் பணம் யாருடையது என்று இருக்க வேண்டும்.

இரண்டு, அதே காலத்தில் அந்தக் கடையில் உழைத்தவனின் கூலி என்ன என்று பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

மூன்று, பரிசு என்றும் இலவசம் என்றும் சொன்னது யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று இருக்க வேண்டும்.

நான்கு, தோல்விக்குப் பிறகு யார் வேலை போயிற்று, யார் பதவி நிலைத்தது என்று தேடி எழுத வேண்டும்.

ஐந்து, இவை அனைத்தும் கம்பெனியின் வாய்மொழியாக இல்லாமல், வெளியார் சாட்சியோடு இருக்க வேண்டும்.

இப்படி எழுதினால் ஹெர்ப் வெறும் கோமாளியாக இருக்க மாட்டான். ஒரு காலத்தின் பொருளாதாரத்தைப் படிக்கிறவனுக்குக் காட்டும் ஆசானாகிவிடுவான். குண்டூசிக்கு இடம் கொடுத்த தீதரோ, இவனுக்கும் இடம் கொடுத்திருப்பார்.

தோழர்களே! கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு போராட்டம் நடந்தால், வென்றாலும் சரி, தோற்றாலும் சரி, தேதி போட்டு எழுதி வையுங்கள். எத்தனை பேர், என்ன கூலி, என்ன கோரிக்கை, எத்தனை நாள், என்ன முடிவு என்று எழுதுங்கள். துண்டுப் பிரசுரத்தை வீசி எறியாமல் ஒரு பிரதி பத்திரப்படுத்துங்கள். பத்திரிகைக்கு அனுப்புங்கள். "தோற்றுப்போன வேலைநிறுத்தம்தானே, இதை யார் படிப்பார்கள்" என்று கூச்சப்படாதீர்கள். 4 கோடி டாலரைக் கரைத்துத் தோற்றவனுக்கே கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டென்றால், பட்டினி கிடந்து போராடித் தோற்றவனுக்கு அதைவிட அதிக உரிமை உண்டு.

ஆனால் சாட்சி வேண்டும். அந்தச் சாட்சியை நமக்காக வேறு யாரும் எழுதமாட்டார்கள். நாம்தான் எழுத வேண்டும்.